நிக்கிற மெட்டு

எங்கள் பேண்டு செட்டில் எனக்கு அரைப்பங்கு.
கிளாரினெட்டுக்கு ஒன்றரை, டிரம்பெட்டுக்கு ஒன்றேகால்,
மராக்காஸ் ஆட்டுகிறவனுக்கு அரை.
இரண்டு உருண்டைக்குள் கொஞ்சம் பாசிமணி,
கை இருந்தால் போதும் என்பார் மாஸ்டர் சற்குணம்.
அது எந்த ஊர்ச் சாமான் என்று
பாளையங்கோட்டையில் யாரும் கேட்டதில்லை.

லெந்து காலம். கல்யாணம் கிடையாது.
சீனிக் கப்பலில் வேலைபார்த்த கஸ்பார் மோத்தா
தூத்துக்குடியிலிருந்து ஒரு கேசட்டோடு வந்தார்.
கவிழ்த்துப் போட்ட டிரம்களுக்கு நடுவே ஓடவிட்டார்.

கேட்டது எங்கள் சத்தம்தான்.
கிளாரினெட், டிராம்போன், வயிறு பெருத்த பித்தளை,
அடியில் கெட்டில் டிரம்.
"யார் செட்டுவே இது, நாசரேத்தா?" என்றான் ஈசாக்கு.
"ஹவானா."
"அது சாத்தான்குளத்துக்கு அங்கிட்டா?"

கஸ்பார் சொன்னபடி:
இங்கிலீஷ்காரன் கிராமத்தில் ஆடியது
பிரெஞ்சு மாளிகையில் பவுடர் பூசிக்கொண்டு
கப்பலேறி ஹைத்தி போனது.
அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஒருநாள்
கரும்புக்கே தீ வைத்தார்கள்.
தப்பி ஓடிய முதலாளி வயலினை எடுத்துக்கொண்டான்.
அவன் இழுத்துக்கொண்டு போன ஆளிடம்
எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை,
உள்ளங்கையில் ஒரு நொண்டல் மட்டும்.
தா-கி தா-கி தா.
கியூபாவில் கரையேறிய அன்றே அது
முதலாளியின் நேர்நடையை
முழங்காலுக்குப் பின்னால் தட்டிவிட்டது.

பட்டாள பேண்டில் ஊதப் படித்த தையற்காரர்கள்
அதை நடனக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள்.
டான்சோன் என்று பேர் வந்தது.
இடுப்பு ஆடுகிறது என்று பேப்பரில் திட்டினார்கள்.
பேப்பர் படித்தவர்களின் மகள்கள் ஆடினார்கள்.

"நம்ம கிளாரினெட்டும் பட்டாளத்துல களவுபோனதுதான்"
என்றார் மாஸ்டர். யாரும் சிரிக்கவில்லை.

அதில் ஒரு விசேஷம்.
முதல் மெட்டு திரும்பத் திரும்ப வரும்.
வரும்போதெல்லாம் ஜோடிகள் ஆடாமல் நிற்பார்கள்.
விசிறிக்கொள்வார்கள்,
பக்கத்து ஜோடியிடம் சுகம் கேட்பார்கள்.
வெயில் அப்படி.
"நம்மூருக்குன்னே போட்டிருக்கான்" என்றார் மாஸ்டர்.

எனக்குக் கேட்டது வேறு: கர்ர், கர்ர்.
சுரைக்குடுக்கையில் வரி கீறித் தேய்ப்பது என்றார் கஸ்பார்.
உடன்குடியில் ஒரு பழைய கள்ளுக்குடுக்கை வாங்கி
அரத்தால் கீறினேன்.
தேய்க்கக் குடைக்கம்பி.

ஈஸ்டர் முடிந்து முதல் கல்யாணம், சமாதானபுரத்தில்.
மாப்பிள்ளையின் சித்தப்பா சினிமாப் பாட்டு கேட்டு
ஐம்பது ரூபாயை ஆட்டிக்கொண்டிருக்க
மாஸ்டர் கண்ணை மூடி டான்சோனை எடுத்தார்.

ஊர்வலம் நடந்தது.
மெட்டு திரும்பியது,
சொல்லாமலே ஊர்வலம் நின்றது.
பெண்கள் கழுத்தைத் துடைத்தார்கள்,
ஒருத்தி குனிந்து செருப்பு வாரை மாட்டினாள்,
ஏழு வருசம் பேசாத இரண்டு சம்பந்திமார்
"என்ன, சௌக்கியமா?" என்றுவிட்டு
அப்புறம் விழித்தார்கள்.
பின்னால் ஒரு டவுன் பஸ்
ஹாரன் அடிக்க மறந்து கிடந்தது.

கடைசிப் பகுதியில் ஈசாக்குக்குக் கை நிற்கவில்லை.
சுடலைமாடன் கொடைக்கு
ஐயருக்குத் தெரியாமல் போய்வருகிற கை.
தா-கி தா-கி தாவின் முதுகில்
ஒரு தகிட ஏற்றினான்,
இன்னொன்று ஏற்றினான்.
செருப்பு மாட்டியவள் தோளை அசைத்ததை நான் பார்த்தேன்.

"தப்பு! தப்பு!" என்று கஸ்பார் ஓடிவந்தார்.
மாஸ்டர் வாயிலிருந்து ரீடை எடுத்தார்:
"அங்கயும் எவனோ ஒருத்தன்
இப்படித் தப்பா அடிச்சிருக்காம்லா?"

கஸ்பார் நடுரோட்டில் நின்று யோசித்தார்.
பிறகு மெதுவாகச் சொன்னார்:
அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்துத்தான்
மாம்போ என்றார்கள்.
அதில் கால் தேய்த்து நடந்ததைச்
சா-சா-சா என்றார்கள்.

இப்போது சுரண்டையிலிருந்து திசையன்விளை வரை
'நிக்கிற மெட்டு' என்று கேட்கிறார்கள்.
போன செவ்வாய் ஒரு அடக்கத்துக்கு வாசித்தோம்.
மெட்டு திரும்பியபோது
பெட்டி தூக்கியவர்கள் நின்று
தோள் மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு இப்போது முக்கால் பங்கு.
மராக்காசைக் கஸ்பார் ஆட்டுகிறார்,
கொஞ்சம் தப்பாகத்தான்.